ஃபிலிம் ரோல் டப்பாவில் இருபது மாத்திரை

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. 'உடம்பு சரியில்லையா சார்?' என்று விசாரித்து நாலைந்து வாசகர்கள் ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். நன்றி. என் உடம்புக்கு ஒன்றுமில்லை... அதாவது, போன சனிக்கிழமை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதாததற்குக் காரணம் வேறு. ஒரு நல்ல மனிதரைக் கொன்றிருப்பேன். மயிரிழையில் தப்பினார்.

கோபத்தில் அல்ல. காரை ஏற்றியும் அல்ல. பிரியத்தினால்!

அவர் பெயர் கர்ட்டிஸ். என் பார்பர். நான் குடியிருக்கிற நியூஜெர்சி எடிசனிலிருந்து பத்து நிமிஷ டிரைவில், பக்கத்து டவுனில், கறுப்பின மக்கள் அதிகம் வசிக்கிற ஒரு தெருவில் கடை. நான் அமெரிக்கா வந்த புதிதில், கார் வாங்குவதற்கு முன்பு, அந்தத் தெருவுக்குப் பின்னால்தான் அபார்ட்மென்ட் எடுத்திருந்தேன். முடி வளர்ந்தது. நடக்கிற தூரத்தில் ஒரு கடை இருந்தது. நுழைந்தேன். அப்புறம் எடிசனுக்கு வீடு மாறினேன், பார்பரை மாற்றவில்லை.

எடிசனின் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடில் முருங்கைக்காய் பொறுக்கும்போது நம்மவர்கள் கேட்பார்கள். "அந்த ஏரியாவுக்கா ஹேர்கட்டுக்குப் போறீங்க? சேஃபா?" கேட்கிறவர் அந்தப் பக்கம் ஒரு நாளும் காரைத் திருப்பியிருக்க மாட்டார். டிவி பார்த்து வந்த ஞானம்! அந்தக் கடையில் எனக்கு நேர்ந்த ஒரே அதிர்ச்சி, பின்மண்டையில் வழுக்கை விழுகிறது என்று கர்ட்டிஸ் கண்ணாடி பிடித்துக் காட்டியதுதான்.

இல்லை... இன்னொரு அதிர்ச்சியும் உண்டு.

மூன்று வருஷம் முன்பு ஒரு சனிக்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் துணியைக் கட்டுவார் என்று பார்த்தால், கையில் ஒரு பட்டையைச் சுற்றினார். பேட்டரியில் ஓடுகிற பிளட் பிரஷர் மெஷின்.

(கர்ட்டிஸ் பேசுவது சுத்தமான நியூஜெர்சி இங்கிலீஷ். ஆனால் எனக்கு என்னவோ அது தமிழாகத்தான் மனதில் நிற்கிறது. அப்படியே தருகிறேன்.)

"என்ன கர்ட்டிஸ், டாக்டராயிட்டியா?"

"பேசாத. பேசினா நம்பர் ஏறும்."

விஷயம் இதுதான். அவருடைய சர்ச்சில் எர்னஸ்டின் என்று ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா. அந்த வட்டாரத்துப் பார்பர்களை எல்லாம் உட்காரவைத்து, பட்டையை எப்படிக் கட்டுவது, நம்பரை எப்படிப் படிப்பது, எந்த நம்பருக்கு மேல் போனால் ஆளை டாக்டரிடம் துரத்துவது என்று பாடம் நடத்தியிருக்கிறார். அன்றிலிருந்து கர்ட்டிஸ் கடையில் சட்டம்: முதலில் பட்டை, அப்புறம் கத்தரி. கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. கார்டுகள் எல்லாம் ஒரு ஷூ பெட்டியில்.

ஏன் பார்பர் கடை? கர்ட்டிஸே சொன்னார். "எங்க ஆளுங்க டாக்டர்கிட்ட வருஷக்கணக்கா போக மாட்டாங்க. அதுக்குக் காரணமும் இருக்கு. ஆஸ்பத்திரிங்க எங்களை நடத்தின லட்சணம் அப்படி. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்துதானே ஆகணும்?"

எவ்வளவு சரியான கணக்கு பாருங்கள். டாக்டரை நம்பாதவன்கூட, கழுத்துக்குப் பக்கத்தில் ரேசரோடு நிற்கிற மனிதரை நம்பித்தானே ஆக வேண்டும்?

அவருடைய அப்பாவும் பார்பர். அதே கடை, அதே முதல் நாற்காலி. ஐம்பத்தோரு வயதில், ஒரு கஸ்டமருக்கு ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். ஸ்ட்ரோக். அவருக்கு பிரஷர் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. கடை திறந்த நாளிலிருந்து வந்துகொண்டிருந்த கஸ்டமர்களில் எத்தனை பேரின் சாவுக்குப் போய் வந்தேன் என்று கர்ட்டிஸ் சில நாள் எண்ண ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திவிடுவார். ஒருவருக்கு ஹார்ட், ஒருவருக்கு கிட்னி, ஒருவருக்கு மூளை. எல்லாவற்றுக்கும் பின்னால் அதே பிரஷர்.

கறுப்பின மக்களுக்கு இது சின்ன வயதிலேயே வருகிறது, வந்தால் கடுமையாக வருகிறது என்று எர்னஸ்டின் அம்மா சொல்வார். ஏன்? உப்பு என்கிறார்கள். இரண்டு ஷிஃப்ட் வேலை என்கிறார்கள். பரம்பரை என்கிறார்கள். பக்கத்தில் நல்ல டாக்டர் இல்லை என்கிறார்கள். தினசரி முகம் சுளிக்கிறவர்கள் நடுவே வாழ்ந்தால் யாருக்குத்தான் ஏறாது என்று கேட்கிறவர்களும் உண்டு. கர்ட்டிஸின் பதில் வேறு. "ஏன்னு அவங்க ஆராய்ச்சி பண்ணட்டும். அதுக்குள்ள நான் நம்பரை எழுதி வெக்கிறேன்."

அன்றைக்கு என் நம்பர் 168-க்கு 104.

கர்ட்டிஸ் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார். "இந்த நம்பரை வெச்சுக்கிட்டு எப்படி நடந்து வந்தே?"

"நடக்கலை. கார்ல வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. கார்டில் எழுதினார், ஒரு சீட்டிலும் எழுதி என் சட்டைப் பையில் திணித்தார். 'இந்த வாரமே டாக்டர்.' அப்புறம்தான் முடி வெட்டினார்.

டாக்டரிடம் போனேனா? போனேன். நாலு மாதம் கழித்து. சென்னையில்!

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபீஸில் நல்ல இன்ஷூரன்ஸ் இருக்கும். ஆனால் இங்கே டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட், லீவு, ஆயிரம் ஃபாரம். மாம்பலத்தில் என் மனைவி வசந்தியின் குடும்ப டாக்டர் என்றால், லுங்கியோடு போனால்கூட நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பார்த்து, மாத்திரை எழுதிவிடுவார். எழுதினார். தினம் ஒன்று. அன்று முதல் என் மச்சான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாத்திரையை எண்ணி வாங்கி, சென்னையிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் வைத்துவிடுவான். ஊறுகாய் பாட்டிலுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் என் ரத்த அழுத்தம் விமானம் ஏறி வரும்.

எங்கள் வீட்டில் மட்டுமா? பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனில், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற பாட்லக் விருந்துக்குப் போய்ப் பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் ஓரமாகக் கூடுவார்கள். "உனக்கு எத்தனை மில்லிகிராம்?" "அஞ்சு." "எனக்கும் அஞ்சுதான். எனக்கு ஸ்டாக் தீர்ந்துடுச்சு, மாமனார் வர்ற வரைக்கும் ஒரு ஸ்ட்ரிப் தாயேன்." கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வார்கள். எல்லாரும் இன்ஜினீயர்கள், எல்லாரும் டாக்டர்கள்! தயிருக்கு உறை மோர் கொடுப்பதுபோல மாத்திரை கொடுத்து வாங்குகிற ஒரே சமூகம் நாமாகத்தான் இருக்கும்.

இந்தப் பழக்கத்தைத்தான் நான் கர்ட்டிஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நடந்தது மூன்று சனிக்கிழமைக்கு முன்பு. காலை நேரம், கடையில் கூட்டமில்லை. கர்ட்டிஸ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என் கார்டை நானே எடுத்துவைக்கலாம் என்று ஷூ பெட்டியைத் திறந்தேன். முதல் கார்டு கர்ட்டிஸுடையது. வாராவாரம் நம்பர் எழுதியிருந்தது... திடீரென்று நின்றுபோயிருந்தது. கடைசியாக எழுதி இரண்டு மாதம்.

போனை வைத்துவிட்டு வந்தவரிடம் கார்டைக் காட்டினேன்.

"மறந்துட்டேன்" என்றார்.

ஊருக்கெல்லாம் பட்டை கட்டுகிறவர் தனக்குக் கட்டிக்கொள்ள மறப்பாரா? "உக்காரு" என்றேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுத் தன்னுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பட்டையைக் கட்டி, பட்டனை அழுத்தினேன்.

192-க்கு 114.

மெஷின் தப்பு என்று இன்னொரு முறை அழுத்தினேன். அதே மாதிரிதான்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. கர்ட்டிஸுக்கு சொந்தக் கடை, அதனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. மனைவி டெனிஸ் வேலை பார்த்த வேர்ஹவுஸின் இன்ஷூரன்ஸில்தான் இவருக்கும் டாக்டர், மாத்திரை எல்லாம். அந்த வேர்ஹவுஸை மூடிவிட்டார்கள். மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம். டெனிஸுக்குக்கூடத் தெரியாது. வசதி இல்லாதவர்களுக்கான கவுன்டி கிளினிக்கில் பெயர் கொடுத்திருக்கிறார், இன்னும் இருபது நாள் கழித்து அப்பாயின்ட்மென்ட்.

"எர்னஸ்டின் அம்மாகிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? ஊருக்கெல்லாம் மாத்திரை சாப்பிடு சாப்பிடுன்னு சொல்றவன் நான். எங்கிட்டயே இல்லைன்னா?"

என் பிரஷரைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அவர் அன்றைக்குப் பட்டை கட்டியிருக்காவிட்டால், ஒரு நாள் நான் ஆபீஸ் கீபோர்டு மேலேயே சாய்ந்திருப்பேன். அவருக்கு ஒன்று என்றால் நான் சும்மா இருப்பதா?

'அரை மணியில் வரேன்' என்று கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, கிச்சன் அலமாரியில் மாத்திரை வைக்கிற பிஸ்கட் டின்னைத் திறந்தேன். இருபது நாளைக்கு இருபது மாத்திரை. ஃபாயிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, ஒரு காலி ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டேன். கடுகு, பெருங்காயம், விபூதி, மாத்திரை... எதை எடுத்துப்போவதானாலும் நமக்கு ஃபிலிம் ரோல் டப்பாதானே!

கர்ட்டிஸ் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன மாத்திரை இது? நான் சாப்பிட்டது வேற கலர்."

"கலர்ல என்ன இருக்கு? பிரஷர் மாத்திரை. நான் சாப்பிடறதேதான்."

"எர்னஸ்டினை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றே? எல்லாம் ஒண்ணுதான்."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "நீ கம்ப்யூட்டர் ஆளு. உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் நான் என்ன கிழிக்கிறேன்? பழைய புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போட்டு வைத்திருப்பதை, இரண்டாயிரம் பிறப்பதற்குள் நாலு இலக்கமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் மனுஷ உடம்புக்கும் என்ன சம்பந்தம்? அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. சொல்லவில்லை. பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. என் மகள் திவ்யா, பதின்மூன்று வயது, எடுத்தாள். "அப்பா, சம் லேடி. ஷி இஸ் க்ரையிங்."

டெனிஸ். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியிலிருந்து பேசினாள்.

சர்ச்சிலிருந்து வந்ததும் கர்ட்டிஸுக்கு உதடு வீங்க ஆரம்பித்திருக்கிறது. பத்தே நிமிஷத்தில் நாக்கும். பேச முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது. ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். புதிதாக என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்க, சட்டைப் பையிலிருந்து டப்பாவைக் காட்டியிருக்கிறார். உள்ளே பதினெட்டு வெள்ளை மாத்திரை. பெயர் இல்லை, ஊர் இல்லை. பேப்பர் கொடுத்தால் இங்கிலீஷில் மூன்று எழுத்தில் என் பெயரை எழுதினாராம். ராஜ்.

"ராஜ், இது என்ன மாத்திரை? டாக்டர் கேக்கறாரு. சீக்கிரம் சொல்லுங்க."

அந்த மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பெயர். அலமாரியில் டின் இருக்கிறது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பார்த்துட்டு கூப்பிடறேன்." நம்பரை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த நேரம் என் மண்டையில் ஓடியது கர்ட்டிஸின் நாக்கு அல்ல. கிரீன் கார்டு. இரண்டு மாதத்தில் இன்டர்வியூ. 'டிராஃபிக் டிக்கெட்கூட வாங்காதீங்க' என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். நானோ, டாக்டர் சீட்டு இல்லாமல், வெளிநாட்டு மாத்திரையை, இன்னொரு ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் செத்துப்போனால்? போலீஸ், கோர்ட், டிபோர்ட்... டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிச்சனில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம்? மூன்று நிமிஷம் இருக்கலாம். மூச்சு விட முடியாதவனுக்கு மூன்று நிமிஷம்!

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" வசந்தி கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிரீன் கார்டு உட்பட.

அவள் பதில் சொல்வதற்குள் திவ்யா கேட்டாள். "அப்பா, இஸ் ஹி கோயிங் டு டை?"

வசந்தி டின்னை என் கையிலிருந்து பிடுங்கினாள். "மொதல்ல போன் பண்ணி பேரைச் சொல்லுங்க. ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. அப்புறம் ஷூ போட்டுக்குங்க, வண்டிய நான் டிரைவ் பண்றேன். நீங்க இருக்கிற நெலமைல ஃப்ரீவேல ஏறினா இன்னும் நாலு பேரு போயிடுவாங்க."

போன் பண்ணினேன். ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த பெயரை, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் ஒரு டாக்டர் அம்மா எழுதிக்கொண்டார். "இதேதானா? நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு, தாங்க் யூகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கர்ட்டிஸின் தொண்டைக்குள் குழாய் போட்டு ஐசியூவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழாய் உள்ளே போயிருக்காது, கழுத்தைக் கிழித்துத்தான் மூச்சுவிட வைத்திருக்க வேண்டும் என்றார் அந்த டாக்டர் அம்மா. அவர் வெளியே வந்ததும் டின்னை நீட்டினேன். நம் ஊர் ஸ்ட்ரிப்களைப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"இது நல்ல மாத்திரைதான். உங்களுக்கு ஒத்துக்கும். ஆனா இந்த வகை மாத்திரை சில பேருக்கு உதடு, நாக்கு, தொண்டைய வீங்க வெச்சுடும். கறுப்பின மக்கள்கிட்ட இதைக் கொஞ்சம் அதிகமாவே பார்க்கிறோம். அதனால கேட்டுக் கேட்டுதான் கொடுப்போம், கூடவே எச்சரிக்கையும் சொல்வோம். நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

சொன்னேனே. எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னேனே!

அவர் சார்ட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நண்பர் கொடுத்த மாத்திரை' என்று இருந்தது. அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை. என் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. நான் மூன்று நிமிஷம் பயந்தது அவ்வளவும் எனக்காக, அவ்வளவும் வீண்.

காரிடாரில் டெனிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்களுக்கு பிரஷர்னு கர்ட்டிஸ் கண்டுபிடிச்சாரே, அன்னிக்கு உங்களுக்கு மாத்திரை கொடுத்தாரா?"

"இல்லை."

"டாக்டர்கிட்ட போன்னுதானே சொன்னாரு? மூணு வருஷமா எத்தனை பேருக்குப் பட்டை கட்டியிருக்காரு! ஒருத்தருக்காவது தன் பையிலருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பாரா?"

வசந்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டெனிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் குழாய். மூன்றாம் நாள் எடுத்தார்கள். நான் ஆபீஸ் முடிந்து தினமும் போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன், உள்ளே போக முகம் இல்லை. ஒரு சாயங்காலம் எர்னஸ்டின் அம்மா வந்தார். எழுபது வயது, நிமிர்ந்த முதுகு. உள்ளே போனவர் கர்ட்டிஸைப் பிடித்துக்கொண்டது வெளியே கேட்டது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு உதவ இதே ஆஸ்பத்திரியில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம். ஒரு ஃபாரம், ஒரு கையெழுத்து. "இதைக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டா ரெண்டு மாசம் மாத்திரை இல்லாம திரிஞ்சே? உங்கப்பன் விழுந்த எடத்துலயே நீயும் விழணும்னு வேண்டுதலா?" அன்றைக்கே ஃபாரத்தை வாங்கி, நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

போகும்போது என் முன்னால் நின்றார். "டப்பாக்காரர் நீங்கதானா?"

எழுந்து நின்றேன்.

"மாத்திரைங்கிறது டூத் பிரஷ் மாதிரி. அவங்கவங்களுக்கு அவங்கவங்களோடது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழெட்டு வருஷமாக மாத்திரைகளோடு புழங்குகிற எங்கள் பாட்லக் கோஷ்டியில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கடை திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். போவதா, வேண்டாமா? வசந்தி கார் சாவியை எடுத்துக் கையில் வைத்தாள்.

கர்ட்டிஸ் கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் கரகரவென்று இருந்தது. புது மாத்திரை இரண்டு சாப்பிடுகிறார், ஒன்று நீர் மாத்திரை, அவருடைய டாக்டர் அவருக்காகவே எழுதிக் கொடுத்தது. ஷூ பெட்டியில் அவர் கார்டைப் பார்த்தேன். நாலு நாளாகத் தவறாமல் எழுதியிருந்தது. கடைசி நம்பர் 148-க்கு 92. இன்னும் இறங்க வேண்டும், இறங்கும்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்பது அவர்கள் என்னைப் பார்க்காமல் டிவி பார்த்ததிலேயே தெரிந்தது. கர்ட்டிஸ் துணியால் நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன்.

"கர்ட்டிஸ், நான்..."

"பேசாத. பேசினா நம்பர் ஏறும்."

பட்டையைக் கட்டினார். மெஷின் உறுமியது, காற்று இறங்கியது. நம்பரைப் பார்த்தார். என்னிடம் காட்டவில்லை. கார்டில் எழுதினார். பிறகு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில தொண்டையில குழாயோட படுத்திருந்தப்போ ஒண்ணு யோசிச்சேன். நீ கொடுத்தது இருபது மாத்திரை. தினம் ஒண்ணு சாப்பிடறவன் நீ. உன் மச்சான் எண்ணி அனுப்பறான்னு நீயே சொல்லியிருக்கே. இருபது மாத்திரை உன்கிட்ட எப்படி எக்ஸ்ட்ராவா இருந்துது?"

உண்மை இதுதான்.

தலைவலி வந்தால் சாப்பிடுவேன். மச்சானோடு போனில் சண்டை போட்டால் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. பாட்லக் அன்று லீவு. கர்ட்டிஸ் கடைக்கு வருகிற வாரம் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற பையன்போல நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வருவேன், நம்பர் நன்றாக இருக்கும், சபாஷ் வாங்கிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி நாளிலிருந்து அந்த டின்னைத் திறக்கவே பிடிக்காமல், ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. ஆக, கர்ட்டிஸுக்கு நான் தாராளமாக எடுத்துக் கொடுத்தது என் மாத்திரையை அல்ல, என் அலட்சியத்தின் மிச்சத்தை. டின்னில் இன்னும் நாற்பது இருக்கிறது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைத்துவிட்டு மூன்று நிமிஷம் நின்றதையும் சொன்னேன்.

கார்டை என் முன்னால் நீட்டினார். 174-க்கு 106. பிறகு, என் கழுத்தில் கட்ட வேண்டிய துணியை மடித்து வைத்தார்.

"எழுந்திரு. இங்க, நியூஜெர்சியில, ஒரு டாக்டரைப் பார்த்துட்டு, அவர் எழுதின சீட்டோட வா. அப்புறம்தான் வெட்டுவேன்."

வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். அதுவரை ஆபீஸில் எல்லாரும் என் தலையைத்தான் பார்க்கிறார்கள் — பார்க்கட்டும், முடி வளர்ந்து காதை மறைத்தால்தான் எனக்கு உறைக்கும்!